பதினொரு நோன்பு

அந்த வருஷமும் மீராமுகைதீன் நோன்பாளிதான் என்று சாய்ந்தமருதில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். கச்சான் காற்று தொண்டையைக் காய வைத்துக்கொண்டிருந்த ஆடி மாதம். கல்முனையில் ஒரு நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரின் களஞ்சியம் அவர் பொறுப்பில் இருந்தது.

பசியும் தாகமும் அவரை ஒன்றும் செய்யவில்லை. சிகரட்தான் செய்தது. பதினாறு வயதில் தொடங்கிய பழக்கம், நாற்பத்திரண்டில் நாளுக்கு இருபத்தைந்தில் வந்து நின்றது. முன்னைய வருஷங்களில் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், இம்முறை எட்டாம் நோன்பன்று பகல் களஞ்சியக் கதவை உள்ளால் பூட்டிக்கொண்டு, சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து ஒன்றைப் பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே கண்ணால் நீர் வந்தது. இனி இல்லை என்று சத்தியம் பண்ணினார். மறுநாளும் பூட்டினார். சனி, ஞாயிறு வீட்டில் எப்படியோ தாக்குப்பிடித்தார். திங்கள் வந்ததும் பழையபடிதான்.

கந்தோரில் படம் வரைபவர் ஞானரட்ணம், அவருடைய வயதுக்காரர், பத்து வருஷக் கூட்டாளி. மெதடிஸ்த கோவிலில் வேதம் வாசிக்கிறவர். சிகரட்டைக் கையால் தொட்டதில்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஆட்களுக்கு முன்னால் சாப்பிட மனம் வராமல், சோற்றுப் பார்சலை எடுத்துக்கொண்டு களஞ்சியத்தின் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

இருபத்திரண்டாம் நோன்பன்று அங்கே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், களஞ்சியத்தின் சன்னலால் புகை வருவதைக் கண்டு பதறிவிட்டார்.

"நெருப்பு! மச்சான், உள்ள ஆரு? கதவத் திற!"

மீராமுகைதீன் சிகரட்டைக் காலால் நசுக்கிவிட்டுக் கதவைத் திறந்தார். எதிரே, கையில் சோறு ஒட்டியபடி ஞானரட்ணம். புகை மணம் அவர் முகத்தில் அடித்திருக்க வேண்டும். அவர் மீராமுகைதீனைப் பார்த்தார். பிறகு தான்தான் பிழை செய்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள், சொல் விளங்காவிட்டாலும் சத்தம் மட்டும் கேட்டு இஞ்சினியர் தங்கராசாவும் கிளாக்கர் றவூப்பும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"ஆர் இஞ்ச சிகரட் பத்தினது? பெற்றோல் பீப்பா இருக்கிற இடம்!" என்று இஞ்சினியர் கத்தினார்.

"நான்தான் ஐயா," என்றார் ஞானரட்ணம், சோற்றுக் கையைப் பின்னால் மறைத்தபடி. "பிழையாப் போச்சு."

எல்லாருக்கும் முன்னால் ஏச்சு விழுந்தது. மீராமுகைதீன் சரிந்த மூட்டை ஒன்றை நிமிர்த்துகிறவர்போலக் குனிந்துகொண்டார். ஏச்சு முடியும்வரை அவர் நிமிரவில்லை.

பின்னேரம் சைக்கிள் எடுக்கிற இடத்தில் ஞானரட்ணத்தைப் பிடித்தார். "ஏன் மச்சான் அப்பிடிச் சொன்னாய்?"

"வாயில வந்திட்டு. எனக்கு ஏச்சு விழுந்தா ரெண்டு நாளையில போயிரும். உனக்கு அப்பிடியில்லையே."

ஆனால் இரண்டு நாளில் போகவில்லை. ஒவ்வொரு நோன்புக்கும் ஞானரட்ணத்தின் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பும் றவூப், அன்று அனுப்பவில்லை. மறுநாள் காலை கந்தோரில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நாங்க நோம்போட கிடக்கம். சிகரட்டே தொடாதவர், இப்ப வேணுமெண்டு உள்ள போய்ப் பத்துறார். இத்தின வருஷம் பழகின பழக்கத்துக்கு ஒரு மரியாதயில்ல."

ஞானரட்ணம் வரைபலகையை விட்டு நிமிரவேயில்லை. மீராமுகைதீன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அது அவரில்ல றவூப். நான். நேத்து மட்டுமில்ல, பதினொரு நாள்."

யாராவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். றவூப் அவர் முகத்தைப் பார்க்காமல், "சரி, வேலையப் பாருங்க," என்றார். அன்று மாலை தானே கஞ்சியைக் கொண்டுபோய் ஞானரட்ணத்திடம் மன்னிப்புக் கேட்டார். மீராமுகைதீனிடம் ஸலாமுக்கு மேல் ஒரு சொல் இல்லை.

கதை ஊருக்குள் போகுமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று மீராமுகைதீன் வேகமாக வீட்டுக்குச் சைக்கிள் மிதித்தார். மனைவி சுபைறா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"புள்ள, நான் பதினொரு நோம்ப முறிச்சிட்டன்."

"ஏன்? சுகமில்லாமலா?"

"இல்ல. சிகரட்டுக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உங்களுக்காகத்தானே நாளும் விடியுமுன்ன ஸஹருக்கு எழும்பிச் சோறாக்கினன். பின்னேரத்தில நீங்க எரிஞ்சு விழக்குள்ளயும், நோம்பாளி எண்டு வாய் திறக்காம இருந்தன்."

மிச்ச நோன்புகளை அவர் தலை இடிக்கப் பிடித்தார். மஃரிபுக்குப் பிறகும் சிகரட்டுக்குப் பதிலாகக் கராம்பைத்தான் கடித்தார். பகலில் களஞ்சியச் சாவியை ஞானரட்ணத்தின் மேசையில் வைத்துவிடுவார். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கி லாச்சிக்குள் போடுவார்.

இவ்வளவுக்குப் பிறகும் பெருநாளன்று பின்னேரம் கடற்கரையில், மீன் வாடிக்குப் பின்னால் நின்று ஒன்றைப் பற்றினார். வீட்டுக்கு வந்தபோது சுபைறாவுக்கு மணம் தெரிந்தது. அவள் ஏசவில்லை. பாயை விரித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் ஏழு நோம்பு களா இரிக்கி, விட்டதத் திருப்பிப் புடிக்கோணும். நாளைக்கே தொடங்கிருவம். உங்களுக்குக் கூட இரிக்கிற நாலயும் நான் கடமயில்லாட்டியும் உங்களோட சேர்ந்து சுன்னத்தாப் புடிக்கிறன்."

ஊரெல்லாம் சாப்பிட்டுத் திரிந்த மாதத்தில் அவர்கள் இருவர் மட்டும் பதினொரு நாள் நோன்பிருந்தார்கள். நாலாம் நாள் அவர் வளவுக்குள் கூண்டில் அடைபட்டவர்போல நடந்தார். ஏழாம் நாள் சின்னப்பிள்ளைபோல அழுதார். சுபைறா பக்கத்தில் இருந்தாள், சமாதானம் சொல்லவில்லை. பதினோராம் நாள் முடிந்த பிறகு அவர் சிகரட்டைத் தொடவில்லை.

பள்ளிவாசலில் சிலர், "பெரிய மனவுறுதிக்காரன்" என்று அவரைப் புகழ்ந்தார்கள். அவருக்குக் காது சுட்டது. பேச்சை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்த வருஷம் முப்பது நோன்பையும் முழுதாகப் பிடித்தார். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் கட்டித்தழுவிக்கொண்டிருந்தபோது றவூப் எதிரே வந்தார். மீராமுகைதீன் ஒதுங்கப் பார்த்தார். றவூப் விடவில்லை, இழுத்து அணைத்தார்.

"இந்த முற எத்தின?" என்று காதுக்குள் கேட்டார்.

"முப்பதும்," என்றார் மீராமுகைதீன். சொல்லும்போதும் அவருக்கு றவூப்பின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.