துண்டு போட்ட இடம்

இசக்கியம்மாள் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள், சட்டமன்றத்துக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அங்கேயும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். இது ஆறாவது வருடம்.

பதவிக்காலம் ஐந்து வருடம்தானே என்று யாரும் குழம்ப வேண்டாம். உட்கார்ந்த நாளிலிருந்துதான் பதவிக்காலம் தொடங்கும். நிற்கிற வருடமெல்லாம் கணக்கில் வராது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் நின்றபடிதான். படிக்கிற காலத்தில் ஆவாரங்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தவள் என்பதால் அது பெரிய சிரமமாக இல்லை.

இருக்கை இல்லாமல் இல்லை. அவளுக்கென்றே ஒதுக்கிய இருக்கை எதிரிலேயே இருந்தது. முதுகில் நீலப் பெயின்ட்டில் ‘மகளிர்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது. அந்த வரிசையில் இருந்த எல்லா மகளிர் இருக்கைகளிலும் துண்டு கிடந்தது.

முதல் நாள் அவள் உட்காரப் போனபோது சபைக் காவலர் ஓடி வந்தார்.

“மேடம், ஆள் இருக்காங்க.”

“துண்டுதான இருக்கு?”

“அதைத்தான் சொல்றேன்.”

“துண்டுக்காரரு எங்க?”

“டீ குடிக்கப் போயிருக்காரு.”

“எப்பம் போனாரு?”

“போன ஆட்சியில.”

“இது பொம்பளைங்க சீட்டுன்னு எழுதியிருக்கே அண்ணாச்சி.”

“உங்களுக்கேதான் மேடம். வேற யாராச்சும் உக்காந்துடக் கூடாதுன்னுதான் பத்திரமா துண்டு போட்டு வெச்சிருக்கோம்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. இசக்கியம்மாள் நின்றாள்.

அவள் வந்தது ஒரே ஒரு கேள்வி கேட்க. ஆவாரங்குளம் பஸ் ஸ்டாண்டில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அங்கே பெண்கள் கழிப்பறை ஒன்று கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கல்கண்டு கொடுத்தார்கள், பூட்டினார்கள், சாவியோடு போய்விட்டார்கள். பூ விற்கிறவர்கள், பழம் விற்கிறவர்கள், ஜெராக்ஸ் எடுக்கிறவள் எல்லாரும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தார்கள். தண்ணீர் குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை. ஆகவே யாரும் குடிப்பதில்லை. காலையில் நாக்கை நனைத்துக்கொண்டு வருவார்கள், இருட்டிய பிறகு வீட்டுக்குப் போய்த்தான் ஒரு செம்பு. பிச்சிப்பூ விற்கிற பேச்சித்தாய் ஒரு சித்திரை வெயிலில் மயங்கித் தன் பூக்கூடை மேலேயே விழுந்தாள். அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் இசக்கியம்மாள் தேர்தலில் நிற்பதாக முடிவு செய்தாள்.

சாவி யாரிடம் இருக்கிறது? இதுதான் கேள்வி. இதைக் கேட்டுவிட்டால் ஊருக்குப் போய்விடலாம்.

நின்றபடியே கேட்டுப் பார்த்தாள். சபாநாயகர் மணியடித்தார்.

“கேள்வி கேட்கும் உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும்.”

“நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நிற்கிறீர்கள். எழவில்லையே.”

அவள் குதிகாலைத் தூக்கினாள். அது எக்குவது, எழுவது அல்ல என்றார் சபாநாயகர். குந்தி எழுந்தாள். குந்தி எழுவது வீட்டில் செல்லும், சபையில் செல்லாது, இருக்கையிலிருந்துதான் எழ வேண்டும் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் மரியாதையாகச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, துண்டுக்காரரையே பார்த்துவிடுவோம் என்று டீக்கடையைத் தேடிப் போனாள். டீக்கடை வராந்தாவின் முனையில் இருந்தது. அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. வழியில் இரண்டு பருவமழை பெய்தது. கடைசியில் டீக்கடை வந்தது. துண்டுக்காரர் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர்தான் பூட்டுத் துறை அமைச்சர். சட்டைப் பையில் சாவிக்கொத்து தொங்கிப் பை கிழியும் நிலையில் இருந்தது.

கடையில் நாற்காலிகள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் துண்டு.

“நீங்க ஏன் நிக்கிய?” என்று கேட்டாள்.

“எல்லாத்துலயும் துண்டு போட்டிருக்கேனேம்மா. எங்க உக்கார்றது?”

“சபையில ஒங்க துண்ட எடுத்துருங்க அண்ணாச்சி. நான் உக்காரணும்.”

“எடுத்தா இடம் போயிடும்.”

“அது ஒங்க எடமே இல்லியே.”

“அதனாலதாம்மா துண்டு. நம்ம இடத்துக்கு யாராச்சும் துண்டு போடுவாங்களா?”

அந்த வாக்கியத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினாள். இல்லை. அவர் தொடர்ந்தார்.

“நாளைக்கே உங்களுக்கு உரிமைன்னு வந்துட்டா, என் சம்சாரத்தை உக்கார வைக்கலாம்னுதான் போட்டு வெச்சிருக்கேன். அவ வீட்டுல வேலையா இருக்கா.”

“அவங்ககிட்ட கேட்டியளா?”

“துண்டே அவளோடதுதாம்மா. தலை துவட்டுற துண்டு.”

“போவட்டும். எங்கூரு பாத்ரூம் சாவி ஒங்க பையிலயா இருக்கு?”

“சபையில கேளுங்க, சொல்றேன். டீக்கடையில பதில் சொன்னா மரபு மீறல்.”

சாவிக்கொத்து கலகலவென்று சிரித்தது. அவள் திரும்பி நடந்தாள். திரும்பும்போது வராந்தா நான்கே எட்டு வைக்கிற தூரம்தான் இருந்தது.

சபையில் விவாதம் நடந்துகொண்டிருந்தது. பெண்களுக்கு இருக்கை ஒதுக்கலாமா என்பதுதான் விவாதம். ஒதுக்கிய இருக்கையில் பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது, விவாதம் முடியவில்லை. அமைச்சரின் அப்பா தொடங்கிய பேச்சு அது. டீ குடித்துவிட்டு வந்து அமைச்சர் அதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“பெண்களை நாம் தெய்வமாக வணங்குகிறோம். தெய்வத்துக்கு நின்ற கோலம்தான் அழகு.”

மேஜைகள் தட்டப்பட்டன. இசக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“எங்கூரு அம்மன் உக்காந்துதான் இருக்கா!”

சபை அதிர்ந்தது. அப்படியானால் அந்த அம்மன் உடனே எழுந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கோயிலுக்கு அனுப்பினார்கள். முடியாது என்று அம்மன் சொல்லிவிட்டதாகக் கோயிலிலிருந்து பதில் வந்தது. சபை ஒரு நிமிடம் வருத்தம் தெரிவித்தது.

“எல்லாவற்றுக்கும் முதலில் பெண்களை எண்ணி முடிக்க வேண்டும்,” என்றார் அமைச்சர்.

“எண்ணுங்க, இங்கனதான நிக்கேன்!”

“நிற்கிறவர்களை எண்ணினால் நகர்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களைத்தான் எண்ண முடியும்.”

“அப்பம் உக்கார விடுங்க.”

“எண்ணாமல் எப்படி உட்கார விடுவது?”

அப்போது அவளுடைய போன் அடித்தது. சபையில் போன் பேசக் கூடாது. ஆனால் நிற்கிறவர்கள் பேசுவது எதுவும் சபைக் குறிப்பில் ஏறாது என்பதால் காவலர் கண்டுகொள்ளவில்லை. பேச்சித்தாய்தான்.

“யக்கா, கேட்டுட்டியா?”

“இல்லட்டி. நிக்கேன்.”

“இன்னுமா?” பேச்சித்தாயின் குரல் வறண்டிருந்தது. பின்னால் கண்டக்டர் விசில் கேட்டது. “நாங்க ஒனக்கு ஓட்டுப் போட வெயில்ல வரிசையில நின்னோம்லா. நீ உள்ள போயி உக்காருவேன்னுல்லா நின்னோம்.”

போன் வைக்கப்பட்டது.

இசக்கியம்மாளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறி உச்சந்தலைக்கு வந்து நின்றது. அந்த எரிச்சலில் பக்கத்துத் தூணில் சாய்ந்தாள்.

“மெதுவாம்மா,” என்றது தூண்.

அது தூண் இல்லை. மரகதவல்லி. கும்பகோணத்துப் பக்கத்து உறுப்பினர். இசக்கியம்மாள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஜெயித்து வந்தவர். சுவரின் நிறத்திலேயே புடவை வெளுத்துப்போயிருந்தது. யாரோ அவர் தோளில் குடையை மாட்டியிருந்தார்கள். தலையில் சும்மாடு கட்டி, அதன் மேல் சட்டமன்றத்தின் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

“இது என்னக்கா?”

“நானும் ஒன்ன மாதிரி சும்மாதாம்மா நின்னேன். இங்க ஒரு தூண் இருந்துது. நான்தான் நிக்கிறேனே, ரெண்டு எதுக்குன்னு தூணை எடுத்துட்டாங்க. செலவு மிச்சமாம்.”

“கால் வலிக்கலியா?”

மரகதவல்லி கால் விரல்களை அசைத்துப் பார்த்தார்.

“இத்தனை வருஷத்துல யாரும் கேக்கலையேம்மா. வலிக்குதுன்னுதான் நெனைக்கிறேன்.”

“உக்காருங்கக்கா.”

“கூரை?”

“நம்மள உக்கார விடாத கூரை. அவங்க பாத்துக்கிடட்டும்.”

“எங்க உக்கார? எல்லாத்துலயும் துண்டு கெடக்கே.”

“தரைக்கு எவனும் துண்டு போடலியே!”

மரகதவல்லி தரையைப் பார்த்தார். அது நல்ல தரை. வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, முட்டியைப் பிடித்தபடி, “அப்பாடா” என்று உட்கார்ந்தார். சட்டமன்றத்தில் அப்படி ஒரு சொல் அதுவரை கேட்டதில்லை.

கூரை இறங்கத் தொடங்கியது. அவசரப்படவில்லை. மாலை நேரத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவதுபோல நிதானமாக இறங்கியது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கூரையைப் பிடித்துக்கொண்டார்கள். பூட்டுத் துறை அமைச்சரும் பிடித்தார். சபைக் காவலர் ஸ்டூல் போட்டு ஏறிப் பிடித்தார். சபாநாயகர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மணியடித்தார்.

அவர் வாக்கெடுப்பு எதுவும் அறிவிக்கவில்லை. ஆனால் தூக்கிய கையை எண்ணாமல் விடுவது மரபு அல்ல. எண்ணினார். ஆளுக்கு இரண்டு கை.

“மகளிருக்கு இருக்கை வழங்கும் தீர்மானம், உறுப்பினர் எண்ணிக்கையைப்போல் இரு மடங்கு வாக்குகளில் நிறைவேறியது,” என்றார்.

கைதட்ட யாரிடமும் கை இல்லை.

இசக்கியம்மாள் பக்கத்தில் காலியான ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அது அமைச்சருடையது. இன்னும் சூடாக இருந்தது. தனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். ஆனால் வறண்ட அந்தக் குரல் காதிலேயே இருந்தது. எழுந்தாள்.

“எழுந்துவிட்டார்,” என்று சபாநாயகர் குறிப்பில் ஏற்றினார்.

“ஆவாரங்குளம் பஸ் ஸ்டாண்டு பாத்ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

அமைச்சரின் நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது.

“நல்ல கேள்வி,” என்றார். “பையில இருக்கும்மா. கை ஒழியல. நீங்களே எடுத்துக்கங்க.”

எடுத்தாள். ஒரு கொத்து. முந்நூறு சாவி இருக்கும். எந்த ஊர்ச் சாவி எது என்று ஒன்றிலும் எழுதவில்லை.

“இதுல எங்கூருது எது?”

“அது அடுத்த கேள்விம்மா. நாளைக்குத்தான் கேக்கலாம்.” அவர் முகம் கோணியது. “கொஞ்சம் முகத்தைத் தொடச்சு விடறீங்களா?”

“இவ்வளவுக்குப் பிறகும் நான்தான் தொடைக்கணுமா?” என்றாள் இசக்கியம்மாள். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் தூக்கிய கையிலேயே முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“இதை எப்போ இறக்கலாம்?” என்று பின்வரிசையில் ஒருவர் அலறினார்.

“சும்மாடு வெச்சுக்குங்க தம்பி,” என்றார் மரகதவல்லி தரையிலிருந்து, காலை நீட்டிக்கொண்டு. “மொத பத்து வருஷம்தான் கஷ்டம்.”

இசக்கியம்மாள் சாவிக்கொத்தைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். வாசலில் ஆவாரங்குளம் பஸ் நின்றது. ஏறாமல் போனை எடுத்தாள்.

“ஏட்டி பேச்சித்தாய். சாவி கெடச்சிட்டு. தண்ணி குடி.”

“நெசமாவா யக்கா? ரிப்பன் வெட்டுன அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க.”

“முந்தியில முடிஞ்சி வச்சிருக்கேன். நிறைய சாவி இருக்கு. வந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாப்போம். நீ குடி.”

பேச்சித்தாய் யாரிடமோ டம்ளர் கேட்டாள். பானையில் மொண்டாள்.

“யக்கா, அரை டம்ளர் குடிக்கேன். மிச்சத்த நீ வந்து கதவத் தொறந்த பொறவு குடிக்கேன்.”

இசக்கியம்மாள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. மடக் மடக்கென்று கேட்டது. பாதியில் நின்றது.