ஆபேத்நேகோ டெக்கரின் ஓட்டு

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் கிழவருக்கு மூச்சு இரைத்துவிட்டது. மகள் கெசியா கையை எடுத்தாள்.

"எடுக்காதே. இறுக்கிப் போடு," என்றார் ஆபேத்நேகோ டெக்கர்.

ஒரு காலத்தில் அந்தக் காலர் அவர் கழுத்தை நெரித்தது. இப்போது அதற்குள் கெசியாவின் கை முழுதாக நுழைந்தது. கட்டிலை விட்டு இறக்கினால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழைக்காலம் முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், தேர்தல் முடியும்வரை சாவதில்லை என்று பிடிவாதமாக இருந்தார். கோபம்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கெசியாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெள்ளைக்கார கவர்னரின் சபைக்கு ஃப்ரீடவுன் நகர மக்களே ஆள் அனுப்பப் போவது இதுதான் முதல் தடவை. மக்கள் என்றால் எல்லோரும் இல்லை. சொந்த வீடு இருக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். ஆபேத்நேகோ கொத்தனார். பாதி ஊருக்குக் கல் அடுக்கியவர், தன் வீட்டையும் தானே கட்டிக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்ற எழுத்து கொஞ்சம் இருந்தது. ஆக, அவருக்கு ஓட்டு உண்டு.

அவர் மகன் தியோபிலஸ் லண்டனில் படித்த வக்கீல். சபைக்கு நிற்கும் இருவரில் ஒருவன். சில மாதங்களுக்கு முன் பத்திரிகையில் எழுதியிருந்தான்: சுண்ணாம்புக் கையால் பெயரைக் கிறுக்கத் தெரிந்தவனெல்லாம் வாக்காளன் என்றால் சபை சந்தைக்கடை ஆகிவிடும். கிழவர் அதை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடிக்க ஒரு மத்தியானம் முழுதும் ஆனது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்றிலிருந்து மகனின் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றாகிவிட்டது.

கெசியா இரண்டு பேர் பக்கமும் இல்லை. புருஷன் செத்தபின் பிறந்த வீட்டுக்கு வந்து, சந்தையில் வாழைக்காய் விற்று அந்த வீட்டுக்கு வரி கட்டிக்கொண்டிருப்பவள் அவள். கூரைத் தகரம் அவள் வாங்கிப் போட்டது. அப்படியென்றால் ஓட்டு யாருடையது என்று ஒருமுறை கேட்டதற்கு, பொம்பளைக்கு எதுக்கு என்றார் அப்பா. தம்பியிடம் கேட்டபோது அவன் சிரித்தான். அப்பனும் மகனும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கிழவரைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்ன அவருடைய பழைய கூட்டாளிகள் யாரும் வரவில்லை. தியோபிலஸ் அவர்களிடம் பேசிவிட்டான். வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருந்தான். வந்தவன் வாசலிலேயே நின்று, அப்பாவை வெளியே விட வேண்டாமாம், அரசியல் பொம்பளைகளுக்குப் புரியாதாம், அக்காவிடம் சொல்லச் சொன்னார் என்று ஒப்பித்துவிட்டுப் போனான். கெசியா கைவண்டியிலிருந்த வாழைக்காய்களை முற்றத்தில் கொட்டினாள்.

ஓட்டுப் போடும் கோர்ட்டு வாசலில் வரிசை நின்றது. தொப்பியும் கோட்டும் போட்ட ஆண்கள். வண்டியைப் பார்த்ததும் ஒருவன் சொன்னான், "லாங்லிக்கு ஓட்டுப் பத்தலை போல. கல்லறையிலேருந்து ஆள் பிடிக்கிறாங்க."

அரிசி வியாபாரி லாங்லிதான் எதிர்த்து நிற்பவர். வரிசை சிரித்தது. கிழவர் அவன் பக்கம் திரும்பவில்லை.

பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று போலீஸ்காரன் கெசியாவை நிறுத்தினான். இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று அவள் கேட்டாள். சட்டம் அப்படி என்றான். இரண்டு பேர் கிழவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனார்கள். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

தியோபிலஸின் ஏஜெண்டு பெர்சி எழுந்தான். அவன் சின்ன வயதில் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். இவருக்கு எழுதத் தெரியுமா என்பதில் தனக்குச் சந்தேகம் இருப்பதாக அதிகாரியிடம் சொன்னான். வெள்ளைக்கார அதிகாரி ஒரு காகிதத்தையும் பேனாவையும் கிழவர் முன்னால் நகர்த்தினார். முழுப் பெயர் வேண்டும் என்றார்.

கிழவர் பேனாவை எடுத்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டார். எழுத ஆரம்பித்தார். வெளியே முணுமுணுத்தார்கள், யாரோ சீக்கிரம் என்றார்கள், பிறகு அந்தப் பேச்சும் நின்றது. பேனா கீறும் சத்தம் ஜன்னல்வரை கேட்டது. ஆபேத்நேகோவை முடித்ததும் தலையை மேஜைமேல் வைத்துவிட்டார். போய்விட்டார் என்றே கெசியா நினைத்தாள். அதிகாரி பாதி எழுந்தார். கிழவர் தலையைத் தூக்கி, டெக்கரை எழுதினார்.

பெர்சி குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தான். காகிதத்தை அதிகாரி பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தான்.

திரும்பும்போது வண்டியை இறக்கத்தில் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருந்தது.

"லாங்லிக்குத்தான போட்டீங்க?"

"பின்ன, என் மவனுக்கா?"

கொஞ்ச தூரம் போனார்கள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "எந்தப் பய பாவினான் இந்தக் கல்லை," என்றார் கிழவர். "மட்டம் பாக்கவே தெரியலை."

கெசியா வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள். தெருமுனையில் அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி குறுக்கே வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் அவளும் நின்றாள்.

தியோபிலஸ் ஜெயித்தான். லாங்லியால் பக்கத்தில்கூட வர முடியவில்லை. சவ அடக்கத்துக்கு அவன் மாண்புமிகு உறுப்பினராக வந்தான். கோயில் நிறையக் கூட்டம். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, என் தகப்பனார் மரணப் படுக்கையிலிருந்து எழுந்து வந்து கடைசி மூச்சை மகனுக்கு வாக்காகக் கொடுத்துவிட்டுப் போனார் என்றான். பெஞ்சுகளில் விசும்பல் கேட்டது. பக்கத்திலிருந்த பெண்கள் கெசியாவின் முதுகைத் தடவினார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவர்களில் பெர்சியும் ஒருவன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து, எந்தப் பாட்டு என்று பார்க்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் படையலுக்குத்தான் அவன் வீட்டுக்குள் வந்தான். பின்முற்றத்தில் பயறும் வாழைக்காயும் பனை எண்ணெயில் வெந்துகொண்டிருந்தன. கறுப்புக் கோட்டோடு அடுப்புப் புகையில் வந்து நின்றான்.

"நீ அவரைக் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா இன்னும் நாலு நாள் இருந்திருப்பார்," என்றான்.

"இருந்திருப்பார். உன்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பார்."

"கோயில்ல நீ வாயைத் திறக்கலை. அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

"உனக்காக ஒண்ணும் சும்மா இருக்கலைடா. அப்பா சாவுல சந்தைக்கடை வேண்டாம்னு இருந்தேன்."

அவன் பத்திரிகையில் எழுதிய அந்த வார்த்தை அவன்மேலேயே விழுந்தது. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கைவேலைக்காரர்கள் எல்லோரையும் சோதிக்கத்தான் பெர்சியிடம் சொன்னதாகவும், அப்பா வருவார் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னான். கெசியா பயற்றைக் கிளறினாள். முன்கட்டிலிருந்து யாரோ மாண்புமிகு எங்கே என்று கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

"முழுசா எழுதினாரா?"

"ஒரு எழுத்து விடலை."

அவன் தலையை ஆட்டினான்.

முற்றத்து மூலையில் இறந்தவருக்கென்று குழி தோண்டியிருந்தது. முதல் சோற்றை அதில் போட்டபின், பாக்கு மாதிரி மெல்லும் கோலாக்கொட்டையை நான்காகப் பிளந்து மகன் கையில் கொடுத்தார்கள். இரண்டு துண்டு நிமிர்ந்தும் இரண்டு கவிழ்ந்தும் விழுந்தால் போனவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். தியோபிலஸ் வீசினான். நான்கும் கவிழ்ந்து விழுந்தன. மறுபடி வீசு என்றார்கள். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவை மூன்று கவிழ்ந்து ஒன்று நிமிர்ந்தது. மண் ஈரமாக இருக்கிறது, அதனால்தான், மூத்தவள் வீசட்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார்.

கெசியா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

இலைகளில் சோறு ஆறத் தொடங்கியதால் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். தியோபிலஸ் கோட்டு நுனி சேற்றில் புரள, குழி விளிம்பில் முழங்கால் போட்டு, துண்டுகளைப் பொறுக்கித் துடைத்து மறுபடி வீசினான்.