எந்த ஒயர்?

இந்தப் பழைய காரை விற்க மறுத்ததிலிருந்து மனைவி பின்சீட்டில்தான் உட்காருவாள். வண்டி திடீரென்று நின்றால் இறங்கிப் பின்கதவை அறைந்து சாத்துவாள். நான் பானெட்டைத் திறந்து ஒயர்களை ஆட்டுவேன், கிளம்பிவிடும். எந்த ஒயர் என்றுதான் பிடிபடவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ சனியன் சமர்த்தாக ஓடும்.

இன்று நடுரோட்டில் நின்றது. மழை என்பதால் அவள் இறங்கவில்லை. எல்லா ஒயரையும் ஆட்டிவிட்டேன், கிளம்பவில்லை. ஒன்றும் புரியாமல் காருக்குள் வந்து உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"பெட்ரோல் பம்பு சிக்கிக்குது போல சார். பின்சீட்டுக்கு அடியில இருக்கு. அந்தப் பக்கம் அதிர்ற மாதிரி ஒரு தட்டு தட்டுங்க."

ஸ்பீக்கரில் கேட்டவள், மழையில் இறங்கிப் பின்கதவை ஓங்கி அறைந்தாள். சாவியைத் திருப்பினேன். வண்டி உறுமியது.

"இப்ப எந்த ஒயரை ஆட்டுனீங்க?" என்றாள்.