ஆவி – சனி

கறை அக்காவுக்கு உலகத்தில் பிடிக்காதது கறை ஒன்றுதான். தம்பியோடு சேர்ந்து சலவைக் கடை நடத்துகிறாள். மை, எண்ணெய், துரு, காபி என்று யார் எதைக் கொட்டிக்கொண்டு வந்தாலும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று வாங்கி வைத்துக்கொள்வாள். பிடிக்காத ஒன்றோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிப் பழகிய கை, கடைக்கு வெளியே போனால் மட்டும் சும்மா இருக்குமா? இல்லை. அந்தக் கைதான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

மகளின் கல்யாண வரவேற்பில் சம்பந்தி அம்மாவின் புதுப் புடவையில் ஐஸ்கிரீம் சொட்டிவிட்டது. மேடையில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா ஈரக் கைக்குட்டையோடு பாய்ந்து, சம்பந்தியின் காலடியில் குத்தவைத்து உட்கார்ந்து, கொசுவத்தைப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். "அசையாதீங்க, காய்ஞ்சா போகாது" என்று அதட்டல் வேறு. சம்பந்தி உதட்டை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்த மூடிய உதட்டைப் பார்த்ததும் அக்காவுக்கு உயிரே போய்விட்டது. நாலு பேர் நடுவில் அந்த அம்மாவின் மானத்தை வாங்கிவிட்டோம், இனி இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டார் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் பேச்சென்றால் "சொல்லுங்க சம்பந்தி அம்மா", "ஆகட்டுங்க சம்பந்தி அம்மா" மட்டும்தான். அந்தப் பக்கமும் அதே கதை. சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கைகால் நடுங்குகிறவர்களைக் கூட்டிப்போய் நடுரோட்டில் வண்டி ஓட்டச் சொல்கிறவர். அவர் குரல் எதிர்ச் சாரியில் போகிறவனையும் பிரேக் போட வைக்கும். அக்காவிடம் மட்டும் அரசாங்கக் கடிதம் மாதிரி அளந்து பேசுவார். மீதியெல்லாம் மகள் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

ஒரு நாள் மகள் போனில் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"என்னால முடியலம்மா. நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேனா, தபால்காரியா வந்தேனா? 'உங்கம்மா கிட்ட சொல்லிடு', 'உன் அத்தை கிட்ட கேட்டுடு'. ஒரு தடவை நேருக்கு நேர் பேசினா ரெண்டு பேரும் குறைஞ்சா போயிடுவீங்க?"

சொல்லி முடிக்கும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. அன்றைக்கு அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரம் மகளே ஒரு வழியும் சொன்னாள். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பேய் விருந்து. பெரியவர்களுக்கு மட்டும். எல்லோரும் பயமுறுத்துகிற மாதிரி வேஷம் கட்டி வர வேண்டும். கடையில் வாங்கக் கூடாது, வாடகைக்கு எடுக்கக் கூடாது, வீட்டில் கிடக்கிற பழைய சாமானை வைத்தே ஒப்பேற்ற வேண்டும்.

"அத்தையும் வர்றாங்க. நீயும் வா."

"இந்த வயசுல நான் வேஷம் கட்டுறதாடி?"

"அத்தைக்கும் உன் வயசுதான். நான் உடம்பு முழுக்கக் கட்டுத்துணி சுத்திக்கிட்டு வரப்போறேன். வாசல்லயே வந்து உன் கையைப் பிடிச்சுக்கிறேன், போதுமா?"

அக்கா வரேன் என்று சொல்லிவிட்டு, மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பார்த்த மாத்திரத்தில் சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வேண்டும். ஒரு தடவை சிரித்துவிட்டால் பழசெல்லாம் போய்விடும். சிரிக்காவிட்டால்? நாலு பேர் நடுவில் இரண்டாவது தடவையாகக் கோமாளித்தனம் செய்ததாக ஆகிவிடும். அதற்கப்புறம் மகள் வீட்டுப் படியேற முகம் இருக்காது. மகள் காலத்துக்கும் தபால் சுமக்க வேண்டியதுதான்.

வேஷம் என்ன என்பதில் குழப்பமே இல்லை. வீட்டில் ஒரு பழைய வெள்ளைப் போர்வை இருந்தது. பேய்க்கு அது போதும். ஆனால் வெறும் வெள்ளையைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? கல்லறையிலிருந்து எழுந்து வந்த மாதிரி அழுக்கும் ரத்தமுமாக இருக்க வேண்டும். இத்தனை காலம் எதையெல்லாம் விரட்டினாளோ, அதையெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டிய நிலைமை.

முதலில் கெட்டியான தேயிலைச் சாயத்தில் போர்வையை முக்கினாள். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தோள்பட்டையில் ஊற்றினாள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து கழுத்திலிருந்து வழியவிட்டாள். அடிப்பிடித்த சட்டியின் கரியை உள்ளங்கையில் அப்பி அங்கங்கே ஐந்து விரல் பதித்தாள். ஒவ்வொரு கறை விழும்போதும் அவள் வலது கை தானாகச் சோப்பைத் தேடிப் போயிற்று. ஒரு தடவை பீட்ரூட் கறை மேல் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, பாதி தேய்த்தும் விட்டாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு திரும்பப் பூசினாள். கடைசியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்கினாள். கொடியில் காயப்போட்டபோது பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

தம்பியிடம் மூச்சு விடவில்லை. அவன் வாயில் ஒன்று விழுந்தால் தெருக்கோடி வரை போய்விடும். கணவர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், அவருக்கு இந்தக் கூத்தே தெரியாது. சனிக்கிழமை கடையிலிருந்து அப்படியே கிளம்பிவிடலாம் என்று, போர்வையை ஒரு பையில் திணித்து வியாழக்கிழமையே கடையில் கொண்டுவந்து வைத்தாள். ஊரார் துணியோடு கலந்துவிடக் கூடாதே என்று ஒரு சீட்டும் குத்தினாள். அந்தக் கடையில் எந்தப் பைக்கும் சீட்டு உண்டு. என்ன வேலை, எந்தக் கிழமை, அவ்வளவுதான். "கஞ்சி – புதன்". "நீலம் – திங்கள்". பழக்க தோஷத்தில் அக்கா இதற்கும் அதே மாதிரி எழுதினாள்: "ஆவி – சனி".

ஊருக்கெல்லாம் ஆவி என்றால் பேய். சலவைக் கடையில் ஆவி என்றால் ஆவி இஸ்திரி. எழுதியவளுக்கு மட்டும் அந்த நேரத்தில் இது மறந்துபோயிற்று.

தம்பிக்கு "மடிப்பு" என்று பட்டப்பெயர். கையில் எது கிடைத்தாலும் மடித்துவிடுவான், பஸ் டிக்கெட் உட்பட. இஸ்திரி அவன் பொறுப்பு. கறைப் பக்கம் அக்கா அவனை அண்டவிட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை அக்கா ஒரு ஓட்டலுக்குத் திரைச்சீலை எடுத்துப் போயிருந்தபோது அவன் பையைப் பிரித்தான். பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது. அடுத்த நிமிஷம் அதே நெஞ்சு நெகிழ்ந்தது. இப்பேர்ப்பட்ட கறையைத் தொடாமல், இஸ்திரிக்கென்று சீட்டு எழுதி வைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? கறையையும் நீயே பார்த்துக்கொள் என்றுதானே? அக்கா நம்மை நம்பிவிட்டாள்!

பாவம், அன்றைக்கு முழுக்க அவன் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. ஊறவைத்தான், அலசினான், மறுபடி ஊறவைத்தான். எல்லாம் அக்கா செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்றது. நீலம் போட்டு, கெட்டிக் கஞ்சி போட்டு, ஆவி இஸ்திரியை ஓடவிட்டான். இரண்டு பெரிய ஓட்டைகளையும் விடவில்லை. இழைக்கு இழை ஓட்டி டார்னிங் செய்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்தான்.

சனிக்கிழமை அக்கா அவசர அவசரமாக வந்தாள்.

"ஆவி பை எங்கடா?"

"கட்டி வச்சிட்டேன்கா."

"பிரிச்சுப் பாத்தியா?"

"பாக்காம? யம்மா, என்னா கறை! பாத்ததும் எனக்குக் குலை நடுங்கிடுச்சு."

அக்காவுக்கு வாயெல்லாம் பல். தம்பியே நடுங்கினான் என்றால் சம்பந்தி விழுந்து புரளுவார். பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மகள் வீட்டு அடுக்குமாடியின் படிக்கட்டடியில் ஒதுங்கி நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். போர்வை கண்ணைப் பறித்தது. ஒரு பொட்டுக் கறை இல்லை. கண் இருந்த இடத்தைத் தடவித் தடவித் தேடினாள். கிடைக்கவில்லை. போனை எடுத்தாள்.

"டேய், ஆவின்னு எழுதியிருந்தேனேடா!"

"ஆவிதான்கா போட்டேன். மடிப்பு நிக்குதா?"

"ஓட்டை எங்கடா?"

"கண்டுபிடிக்க முடியலைல்ல?" அவன் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ என்னை நம்பிக் கொடுத்த முதல் கறைக்கா. விட்டுடுவேனா?"

திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவளுக்குத் திட்டு வரவில்லை. "நல்லா பண்ணியிருக்கடா" என்று வைத்துவிட்டாள்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மகளின் உடைந்த குரல் காதில் ஒலித்தது. ஆனது ஆகட்டும் என்று போர்வையைத் தலைவழியே போட்டுக்கொண்டாள். கஞ்சி போட்ட துணியாதலால் உடம்போடு ஒட்டாமல் நாலு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரே வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். பாட்டும் சிரிப்பும் நெருங்கி வந்தன. யார் காலையோ மிதித்தாள். ஒரு பூந்தொட்டியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அப்போது ஒரு கை போர்வைக்கு அடியில் நுழைந்து அவள் கையைப் பிடித்தது. விரல் நுனி வரை கட்டுத்துணி சுற்றிய கை. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்துட்டியாடி! எனக்கு ஒரு மண்ணும் தெரியல. உன் மாமன் கண்ணைத் தைச்சுட்டான்."

"ம்ம்" என்றது கை. வாயையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள் போல.

இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம், முதுகில் அழுத்தினால் நிற்க வேண்டும். கூட்டத்துக்குள் ஓர் இடி இல்லை, ஓர் உரசல் இல்லை. மகள் எப்போது இவ்வளவு சமர்த்தானாள் என்று அக்கா வியந்துபோனாள். ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரவைத்ததும், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டது.

"உன் அத்தை எங்க இருக்காங்க? கிட்ட இல்லையே? எனக்கு அவங்களப் பாத்தா பயம்டி. பேய்கூட என்ன, ரெண்டு நிமிஷம் பயமுறுத்திட்டுப் போயிடும். இவங்களுக்குப் போன் பண்ணணும்னாலே எனக்குக் கை வேர்க்குது. கல்யாணத்தன்னைக்கு நான் பண்ணின காரியம் அப்படி. ஒரே ஒரு தடவை அவங்கள சிரிக்க வச்சிடலாம்னு என்னென்னவோ கறையெல்லாம் பூசினேன். இவன் எல்லாத்தையும் வெளுத்துட்டான். அவங்க கோவிச்சுக்கிட்டாங்கன்னுகூட எனக்கு வருத்தமில்ல. எனக்கு அவங்களப் பிடிக்கும்டி. அதான் வருத்தம்."

பிடித்திருந்த கை இறுகிற்று.

"அத்தை!" மகளின் குரல் அறையின் மறுகோடியிலிருந்து வந்தது. "அம்மாவ நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்களா? அம்மா, இவங்களுக்கு வேஷமே சரியா அமையலம்மா, என் கட்டுத்துணிய இவங்களுக்கே சுத்திவிட்டுட்டேன். நான் மூஞ்சில மாவு பூசிக்கிட்டு நிக்கிறேன்."

பூமி பிளந்தால் அக்கா போர்வையோடு உள்ளே போய்விடத் தயாராக இருந்தாள். பூமி பிளக்கவில்லை. அதற்குப் பதிலாகப் போர்வையின் ஓரம் தூக்கிக்கொண்டது. ஓர் ஆள் குனிந்து உள்ளே நுழைந்து, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்க்கட்டைக் கழுத்துக்கு இழுத்துவிட்டார். மூக்குக்கு நேரே சம்பந்தியின் முகம்.

"கோவமா? எனக்கா?" என்றார் சம்பந்தி. "அன்னைக்கு எனக்கு வந்தது சிரிப்பு! மேடையில நிக்கிறேன், புது சம்பந்தி என் கொசுவத்தப் பிடிச்சுக்கிட்டு 'அசையாதீங்க'ன்னு அதட்டுது. வாயத் திறந்திருந்தா வெடிச்சிருப்பேன். மாப்பிள்ளையோட அம்மா கெக்கேபிக்கேன்னு சிரிச்சா நல்லாவா இருக்கும்? உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

"அப்புறம் ஏன் அப்படி அளந்து அளந்து..."

"நான் அளந்தேனா? போன் பண்ணினா நீ 'சொல்லுங்க சம்பந்தி அம்மா, ஆகட்டுங்க சம்பந்தி அம்மா'ன்னு மேலதிகாரிகிட்ட பேசுற மாதிரி பேசுற. சரி, இவங்களுக்கு நம்மளப் பிடிக்கல போலன்னு நானும் ஒதுங்கிக்கிட்டேன். ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றேன், எனக்கு உன்கிட்ட வர வழி தெரியல."

அக்காவின் காதில் விழுந்தது அந்த "நீ" மட்டும்தான். சம்பந்தி அதைத் தெரிந்து சொன்னாளோ, தெரியாமல் சொன்னாளோ. இவ்வளவு நேரம் சொன்னார், வந்தார் என்று மரியாதையாக எழுதிக்கொண்டு வந்தாயிற்று. அவர்களே அதை விட்டுவிட்ட பிறகு நமக்கு மட்டும் எதற்கு? அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எது முதலில் வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சம்பந்திக்குச் சிரிப்புதான். கல்யாணத்திலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு, கஞ்சி போட்ட போர்வையே கிடுகிடுவென்று ஆடும்படி சிரித்தாள்.

வெளியே இருந்தவர்களுக்கு நாலு கால் பேய் ஒன்று பெஞ்சில் உட்கார்ந்து குலுங்குவதுதான் தெரிந்தது. மகள் ஓடி வந்து போர்வையைத் தட்டினாள்.

"அம்மா? அத்தை? உள்ள என்ன நடக்குது?"

"நீ போய் உன் வேலையைப் பாருடி" என்று சம்பந்தி டிரைவிங் ஸ்கூல் குரலில் அதட்டினாள். "நானும் உங்கம்மாவும் பேசிக்கிட்டு இருக்கோம்."

வெளியே மூக்கை உறிஞ்சுகிற ஒலி கேட்டது.

"அழுவுறா போல இருக்கு" என்றாள் அக்கா.

"அழட்டும், அவளுக்கு வேலை போயிடுச்சுல்ல" என்றாள் சம்பந்தி. "நீ சொல்லு. உன் தம்பி கண்ணைத் தைச்சானே, அப்புறம் என்ன ஆச்சு?"