வேறு பெட்டியில் ஓடாது

மேல் டிவிஷனில் தொழிலாளிகள் குடியிருந்த லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கிருந்த பெண்கள் கேட்டது ஒன்றுதான். பக்கத்திலேயே ஆளுக்குக் கொஞ்சம் நிலம், அதற்குப் பட்டயம் என்கிற பட்டா. கம்பெனியோ கீழே டவுனில் அடுக்குமாடி வீடு தருகிறேன் என்றது. போடிமெட்டை ஒட்டிக் கேரளப் பக்கம் இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் மலையாளம் தடங்கலில்லாமல் பேசக்கூடியவன் ஏசுரத்தினம். அதனால் உள்ளூர் சேனல் ஒன்று விவாதத்துக்கு ஆள் கேட்டபோது தொழிலாளிகள் அவனைத்தான் அனுப்பினார்கள்.

சந்தனமேரி அவனுடைய அக்கா. அம்மா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள். தம்பி டிவியில் வருகிறான் என்று தேயிலைக் காட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் விவாதம் நடப்பது பகலில், கொழுந்து எடுக்கும் நேரத்தில். யாராலும் பார்க்க முடியாது. அவள் வீட்டு டிஷ் பெட்டியில் பென் டிரைவ் செருகி சீரியல் பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. அதில் விவாதத்தையும் பதியும்படி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் பாலில்லாத கட்டன் சாயா போட்டு வைத்துக்கொண்டு அவளும் புருஷன் வேதமுத்துவும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஏசுரத்தினம் வெள்ளைச் சட்டையில் நன்றாகத்தான் இருந்தான். கேள்வி கேட்டவர் நிலத்தைப் பற்றிக் கேட்டார். அவன் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னான்: எங்கள் ஆட்களுக்கு ஃபிளாட் போதும், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், நிலம் என்று பேசுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

அவள் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள்.

"ஏங்க, இவன் என்ன சொல்லுதான்?"

"ஃபிளாட் போதும்னுதான் சொல்லுதான்" என்றார் வேதமுத்து. சாயா டம்ளர் கையிலேயே இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கிய ஏசுரத்தினம் லயத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தான். நிலத்துக்காகச் சண்டை போட்டதாகவும், எதிரில் இருந்தவர்கள் வாயடைத்துப் போனதாகவும். சேனல்காரர்கள் இணையத்தில் ஏற்றியது, ஆளுக்கு ஆள் கத்திக்கொண்ட ஒரு துண்டு மட்டும்தான். சந்தனமேரி அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அவனுவ வெட்டி ஒட்டிப் போட்டிருக்கானுவ. நான் நெலம்னுதான் மொதல்ல சொன்னேன்."

நம்ப வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. பாதி நம்பவும் செய்தாள். ஆனாலும் மற்றவர்கள் பார்க்கட்டும், இவனும் அங்கேயே விளக்கம் சொல்லட்டும் என்று நினைத்தாள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு கோயில் ஹாலுக்குப் போனாள். அங்கே இருந்த பெரிய டிவி அதைத் திறக்கவே இல்லை. பூப்பாறையில் டிஷ் கடை வைத்திருந்த ஷைஜுவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இது அப்படித்தான் சேச்சி. எந்தப் பெட்டியில எடுத்தீங்களோ அந்தப் பெட்டியிலதான் ஓடும். பூட்டு வெச்சுத்தான் உள்ள எழுதும். காப்பி எடுக்கவும் முடியாது."

"உங்ககிட்ட ஒரு வழியும் இல்லையா?"

"என்கிட்ட மட்டுமில்ல, யார்கிட்டயும் இல்ல. ஆளுங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

அப்படியே செய்வது என்று தீர்மானித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள் என்று பெண்களிடம் சொன்னாள். தம்பியிடமும் சொன்னாள்.

"நீயும் வந்துரு. வெட்டுனது எங்கனன்னு நீயே காட்டு."

"கோயில் ஹால்ல போட்டா எல்லாரும் பார்க்கலாமே அக்கா?"

"அங்க ஓடாதாம். நம்ம பெட்டியிலதான் ஓடுமாம், வேற எதுலயும் ஓடாதுன்னு ஷைஜு சொல்லிட்டாரு."

"அப்படியா?" என்றான். பிறகு அவளுடைய முட்டுவலி பற்றி விசாரித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது டிவிக்குக் கீழே புதுப் பெட்டி இருந்தது. கனெக்‌ஷன் முதலிலிருந்தே ஏசுரத்தினத்தின் பெயரில்தான். பழசில் படம் தெளிவில்லை என்று டிஷ் கம்பெனிக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னானாம். ஆள் வந்து மாற்றிவிட்டுப் பழசை எடுத்துக்கொண்டு போனானாம். கோழிக்கறியும் வாங்கி வைத்திருந்தான். தம்பிக்கு இன்னும் தன் மேல் இவ்வளவு பாசம் இருக்கிறதே என்று அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. குழம்பு வைத்து அவனுக்கும் புருஷனுக்கும் பரிமாறினாள். ஷைஜு சொன்னது அப்போது அவள் நினைவில் வரவே இல்லை.

ஞாயிறன்று பெண்கள் வாசல் வரை நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் பென் டிரைவைச் செருகினாள். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. பக்கத்து வீட்டு சிஞ்சு படித்துச் சொன்னாள்.

"வேற பெட்டியில பதிஞ்சது, இதுல ஓடாதுன்னு போட்டிருக்கு அக்கா."

சந்தனமேரி ரிமோட்டைக் கீழே வைத்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தாள்.

"பெட்டி மாத்துனா பழசெல்லாம் போயிரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன்.

"நான்தானலே உன்கிட்ட சொன்னேன்."

 அவள் எழுந்து நின்று, அவன் டிவியில் பேசியதை அவன் சொன்னபடியே சொன்னாள். சலசலப்பு எழுந்தது. ஏசுரத்தினம் சிரித்தபடி பெண்கள் பக்கம் திரும்பினான்.

"அக்காவுக்கு மலையாளம் அவ்வளவு வராது. ஒண்ணு சொன்னா ஒண்ணுன்னு எடுத்துக்கிடும்."

யாரோ சிரித்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களும்தானே கேட்டீங்க. சொல்லுங்க."

வேதமுத்து தொண்டையைச் செருமினார். "நான் சரியா கவனிக்கல. அசதியில கண்ண மூடிட்டேன்."

கூட்டம் கலைந்தது. சிஞ்சு மட்டும் கொஞ்சம் தயங்கி நின்று, "போன்ல படம் பிடிச்சு வெச்சிருக்கலாமே அக்கா" என்றாள். அது சந்தனமேரிக்குத் தோன்றவே இல்லை. தன் வீட்டில், தன் பெட்டியில் இருப்பதை யார் எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்றுதான் இருந்துவிட்டாள்.

எல்லோரும் போன பிறகு வேதமுத்து மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனியில சொல்லி நமக்குக் கீழ்த்தளத்துல வீடு வாங்கித் தாரேன்னு சொல்லியிருக்கான். உனக்கு முட்டுவலி. மாடி ஏற வேண்டாம்ல."

"எப்ப சொன்னான்?"

"பெட்டி மாத்த வந்த அன்னைக்கு."

அவளுக்கு முந்தின நாள் தான் சமைத்துப் போட்ட சாப்பாட்டைத் தம்பியும் புருஷனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது கண்ணில் வந்தது. தம்பி அவளிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டிருந்தான்.

மறுநாள் ஷைஜு விசாரித்துப் பார்த்தார். பழைய பெட்டி டிஷ் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விட்டது என்றும், இனி கிடைக்காது என்றும் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அடுக்குமாடிக்கு அடித்தளம் போட்டார்கள். எல்லோரும் சம்மதித்துவிட்டதாக டிவியிலேயே சொன்ன பிறகு, தனித்தனியாகப் போய் மறுத்தவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. கட்டி முடிந்ததும் ஏசுரத்தினம் சாவிகளை வீடு வீடாகக் கொண்டுவந்தான். சந்தனமேரியின் வாசலுக்கு வந்தபோது, "அக்கா, கீழ்த்தளம்" என்றான்.

"அவர்கிட்ட குடு. அவர்தான் கேட்டாரு."

"நீ வரலையா?"

சந்தனமேரி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனைத் தாண்டிக் காட்டுக்குப் போனாள். வேதமுத்து அந்த வாரமே சாமான்களோடு கீழே இறங்கினார். இன்னும் இடிக்காத லயத்தில் மிச்சமிருந்த சில குடும்பங்களோடு அவள் தங்கிக்கொண்டாள். அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் போகவில்லை.