நடுவில் நிற்கும் பாட்டு

“கையில இன்னாடி அது? கழட்டிப் போடு,” என்றாள் மஞ்சு அத்தை.

சுபஸ்ரீ குடத்தைச் சாய்த்தபடியே தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நேற்று பாட்டு நிகழ்ச்சிக்குப் போனபோது மைதானத்து வாசலில் கட்டிவிட்ட ஆரஞ்சுத் துணிப்பட்டை. அதில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருந்தது. இழுத்தால் இறுகும், தளராது. கத்தரித்தால்தான் வரும்.

“வராது அத்தை.”

“நல்லாத்தான் கட்டிவுட்டான் போ,” என்று அத்தை குடத்தை வாங்கித் தன் அண்ணன் தலையில் மீதித் தண்ணீரை ஊற்றினாள்.

சுபஸ்ரீயின் அப்பா ஆதிநாராயணனை வீட்டு வாசலில், தார்ப்பாய்க்குக் கீழே பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் முரளி தோளைத் தாங்கிக்கொண்டிருந்தான். ஆதிநாராயணனோடு ஒரே படகில் பல வருஷம் கடலுக்குப் போனவன் அவன். இன்றைக்கும் விடியுமுன்னே போய், பாறையில் சிக்கி வலை கிழிந்து, அந்தக் கடுப்போடு கரையேறியபோதுதான் சாவுச் செய்தி கேட்டான்.

குளிப்பாட்டி முடித்ததும் அத்தை புதுச் சட்டையை மாட்டிவிடக் கையை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. முழங்கையை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் மடங்கவில்லை. அந்த ஊரில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பிய கை அத்தையுடையது.

“விடிஞ்சப்பறம் போன உசுருன்னா கோமளா சொன்னா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள். “கட்ட மாதிரி கெடக்குதே.”

முரளி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அப்புறம் சுபஸ்ரீயைப் பார்த்தான். சட்டையின் முதுகைக் கத்தரித்து முன்பக்கமாகப் போர்த்திவிட்டார்கள். கத்தரிக்கோல் பெஞ்சின் ஓரத்திலேயே கிடந்தது. பட்டையை இப்போது வெட்டிக்கொள்ளலாம் என்று சுபஸ்ரீக்குத் தோன்றியது. ஆனால் வெட்டிக்கொள்ளவில்லை.

அவள் அம்மாவைத் தேடினாள். கோமளா நிலைப்படியில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தாள். அழுது முடித்தவள் மாதிரி இருந்தாள். சுபஸ்ரீக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நேற்று அந்தப் பாட்டை நைனா கேட்டாரா, இல்லையா?

தகரக்கொட்டாய் என்பது எண்ணூர்ப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் நடத்தும் ராக் குழு. பேருக்கேற்ற சத்தம் என்பது கோமளாவின் கட்சி. மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போகிற சுபஸ்ரீ, ரயிலில் பக்கத்து சீட்டு ஜெனிஃபரிடமிருந்து அந்த வியாதியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் போனில் போட்டபோது ஆதிநாராயணன்கூட முதலில் முகம் சுளித்தார்.

“இன்னாமே இது, கிரைண்டர்ல கல்லு உழுந்த மாதிரி?”

ஒருநாள் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கையை நிறுத்திவிட்டார். ஒரு பாட்டு நடுவில் அப்படியே நின்றுபோயிருந்தது. கிடார் இல்லை, குரல் இல்லை, ஒன்றுமே இல்லை. போன் அணைந்துவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மௌனம். பிறகு டிரம்ஸ் மட்டும் தனியாக ஒருதரம் இருமி, மறுதரம் இருமி, தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

“நடுக்கடல்ல இஞ்சின் நின்னு போயி மறுபடி புடிக்குது பாரு, அதேதான்!” என்றார் அவர். “இவன் எவனோ கடலுக்குப் போனவன்டி. மறுபடி போடு.”

அன்றிலிருந்து அதற்கு வீட்டில் இஞ்சின் பாட்டு என்று பெயர். பாட்டு நிற்கும் இடத்தில் ஆதிநாராயணன் கண்ணை மூடிக்கொள்வார். டிரம்ஸ் பிடித்ததும் “புடிச்சிக்கிச்சி” என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார். கோமளாவுக்கு எரிச்சலாக வரும். “அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே பைத்தியம்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கக் கிளம்பிவிடுவாள்.

தகரக்கொட்டாய் நேரில் வாசிக்கும்போது அப்பாவும் மகளும் போவதாகத்தான் பேச்சு. அதற்குள் அவருக்கு இருதயம் வீங்கிவிட்டது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் நிகழ்ச்சி என்று அறிவிப்பு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் பழகியிருந்தார். போகமாட்டேன் என்று சுபஸ்ரீ சொல்லிப் பார்த்தாள்.

“போவாம இங்க குந்திக்கினு இன்னா பண்ணப் போற? என் காலப் பாத்துக்கினு இருப்பியா? போ. அந்தப் பாட்டு வரும்போது போன் போட்டுத் தூக்கிப் புடி. நான் இங்கேருந்து கேக்கறேன்.”

ஆகவே போனாள். ஜெனிஃபரோடு மத்தியானமே போய், கம்பித் தடுப்புக்கு முதல் வரிசையில் இடம் பிடித்தாள். வேறு இரண்டு குழுக்கள் வந்து போயின. அவர்களுக்கு யாரும் பெரிதாகக் கை தட்டவில்லை, பாவம். பொழுது சாய்ந்ததும் விளக்கெல்லாம் அணைந்தது. இருட்டில் யாரோ கிடாரின் ஒரு கம்பியை மட்டும் இழுத்துவிட்டார்கள். மைதானமே கத்தியது. டிரம்ஸின் முதல் அடி காதுக்கு வருமுன்னே வயிற்றுக்கு வந்தது.

போனில் ஆறடியாகத் தெரிந்த பாட்டுக்காரன் நேரில் குட்டையாக இருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டான். தப்பான இடத்தில் ஆரம்பித்து, சிரித்து, முதலிலிருந்து பாடினான். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க சுபஸ்ரீக்குத் தாங்கவில்லை. இத்தனை நாள் தன் காதுக்குள் மட்டும் இருந்தவர்கள், எதிரில் வேர்த்து வழிய நிற்கிறார்கள்! தொண்டை கட்டும் வரை கத்தினாள். முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் தோளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஜெனிஃபர் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு அதைத் தேடவும் இல்லை. வீட்டு ஞாபகமே இல்லாமல் சுபஸ்ரீ சந்தோஷமாக இருந்தாள். அப்படி அவள் இருந்து மாதங்கள் ஆகியிருந்தன.

இஞ்சின் பாட்டின் முதல் கிடார் வந்ததும் போனை எடுத்தாள். நெடுநேரம் மணி அடித்தது. கோமளாதான் எடுத்தாள்.

“அம்மா! நைனா காதுல வையி! அந்தப் பாட்டு!”

“வெச்சிட்டேன். தூக்கிப் புடி,” என்றாள் கோமளா.

சுபஸ்ரீ கையை உயரத் தூக்கினாள். பாட்டு நிற்கும் இடம் வந்தது. அத்தனை ஆயிரம் பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அந்த மௌனத்தில் அவள் போனை ஒருகணம் காதில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. நைனாதான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். டிரம்ஸ் பிடித்தது. மைதானம் குதித்தது.

பாட்டு முடிந்ததும் கேட்டாள்: “கேட்டாராமா? இன்னா சொன்னாரு?”

“கேட்டாரு. தூங்கறாரு. நீ இருந்து முழுசும் பாத்துட்டு வா. ராத்திரியில வராத, ஜெனிஃபர் வீட்டுலயே படுத்துட்டுக் காலைல வா.”

ஆறு மணிக்கு மேல் வெளியே இருந்தால் பத்து தரம் போன் செய்கிற அம்மா, இரு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கொண்டாட்டத்தில் இருந்தவளுக்கு அது உறைக்கவில்லை. காலையில் பொன்னேரியில் பஸ் ஏறும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. “நைனா பூட்டாரும்மா.”

மேளக்காரர்கள் வந்து, பாடையும் கட்டி ஆயிற்று. தூக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது முரளி ஊர்ப் பெரியவர் பூபதியை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பேசினான். ஓரமாகப் பேச ஆரம்பித்தது சீக்கிரமே நடுவாசலுக்கு வந்துவிட்டது.

ஊரில் சாவு விழுந்தால், எடுத்து முடிக்கும் வரை யாரும் படகைத் தண்ணீரில் தள்ளுவதில்லை. கடலானாலும் ஏரியானாலும் அதே கட்டுதான். அதனால் சாவுச் செய்தி முதலில் போவது சொந்தக்காரர்களுக்கு இல்லை, கரைக்கு. தெரிந்தே மறைத்துவிட்டார்கள் என்று ஆனால், அந்த வீட்டுப் பாடைக்கு ஊர் தோள் கொடுக்காது. சம்பந்தப்பட்டவர் அம்மன் கோயில் முன்னால் எல்லார் எதிரிலும் விழுந்து மன்னிப்புக் கேட்டு எழுந்த பிறகுதான் தூக்குவார்கள்.

“நான் தோளப் புடிச்சவன், சொல்றேன்,” என்றான் முரளி. “காலைல போன உசுரு இல்ல இது. நேத்து சாயங்காலமே போயிருக்காரு. ஊர்ல பொணத்த வெச்சிக்கினு நாங்க கடல்ல எறங்கிக்கீறோம். வலை கிழிஞ்சது சும்மா இல்ல.”

“டேய், இப்பதான் பேசணுமா?” என்றாள் மஞ்சு அத்தை.

“அப்பறம் எப்ப பேசறது? ஏன், நீயே சொல்லேன். கை மடங்குச்சா?”

அத்தை வாயை மூடிக்கொண்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பூபதி நல்ல மனிதர். கோமளாவுக்கு எதிரில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “எம்மா கோமளா, எப்ப போனாருன்னு சொல்லிடு. ஒரு வார்த்த.”

கோமளா அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பொய்யும் வரவில்லை, நிஜமும் வரவில்லை. பாடைக்குப் பக்கத்தில் நின்ற ஆண்கள், தூக்குவதற்காகப் போட்டிருந்த தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள்.

சுபஸ்ரீக்கு அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று போனில் கேட்ட மூச்சு யாருடையது என்பதும் தெரிந்துவிட்டது. நைனா கேட்கவில்லை. அவர் இல்லாத காதுக்குத்தான் அத்தனை நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“நேத்து ராத்திரி நைனா எங்கூட போன்ல இருந்தாரு,” என்றாள். குரல் நேற்றுக் கத்தியதில் கரகரத்துக் கிடந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

“பேசினாரா?” என்றான் முரளி.

“பாட்டு கேட்டாரு. முழுசா கேட்டாரு. முடிஞ்சதும் இன்னொரு வாட்டி பாடச் சொல்லுன்னாரு. அவனுங்க என் பேச்ச கேப்பானுங்களா நைனான்னு சொன்னேன். சிரிச்சாரு.” அவள் பாடையைப் பார்த்தாள். “அப்பறம் இருமல் வந்துச்சு. அம்மா போன வாங்கிக்கினாங்க.”

ஆதிநாராயணன் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முரளிக்கும் தெரியும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“போதுமாடா?” என்றார் பூபதி. “பெத்த பொண்ணு, பொணத்துக்கு எதிர்ல பொய் சொல்லுமா? உடம்புல நீர் கோத்தவன், சீக்கிரம் வெறச்சிட்டான். தூக்குங்கப்பா.”

முரளிதான் முதலில் தோள் கொடுத்தான்.

பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லாரும் தலை முழுகிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனபின் அம்மாவும் மகளும் பின்வாசலில் உட்கார்ந்தார்கள். எதிரே ஏரி. சுடுகாட்டுப் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன.

“படகு போறதுக்கு முன்ன சொல்லிடலாம்னுதான் இருந்தேன்,” என்றாள் கோமளா. “பக்கத்துலயே படுத்தேன். கண்ணசந்துட்டேன். இஞ்சின் சத்தத்துலதான் முழிச்சேன். ஓடிப் போயிப் பாத்தா எல்லாம் பூட்டாங்க.”

சுபஸ்ரீ அம்மா பக்கம் திரும்பினாள்.

“வெளக்கு வெச்சப்பறம் கஞ்சி குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாரு. பாப்பா போன் வந்துச்சான்னாரு. இன்னும் வரலன்னேன். டம்ளர வெச்சிட்டுத் திரும்பறேன்...” கோமளா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். “கொஞ்ச நேரத்துல நீ போன் போட்ட. எடுக்கலனாலும், ஊருக்குச் சொல்லி உனக்கு சேதி வந்தாலும் ஓடி வந்துடுவ. அழுதுகினே, தனியா, அந்த நேரத்துல. எடுத்துக் காதுல வெச்சேன்.”

“யாரு காதுலமா?”

“மொதல்ல அவரு காதுலதான் வெச்சேன்.”

மேளம் நின்றது. சிதையில் வைத்துவிட்டார்கள் போல. இரண்டு பேரும் அந்தத் திசையைப் பார்த்தார்கள். சுபஸ்ரீ மணிக்கட்டுப் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

“ஏம்மா,” என்றாள் கோமளா கொஞ்சம் கழித்து. “நடுவுல சத்தமே இல்லாம பூடுச்சே. போன் கட்டாயிடுச்சின்னு நெனச்சேன். எடுத்துப் பாத்தேன், ஓடிக்கினுதான் இருந்துச்சு.”

“அந்தப் பாட்டு அப்படித்தாம்மா.”

“ம். அப்பறம் புடிச்சிக்கிச்சி.”

ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக் கட்டிக்கொண்டு கோமளா ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சுபஸ்ரீ நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். மேளம் மறுபடி கேட்கவில்லை.