மூன்று வருடம் பிந்திய அறை

இந்தக் காலத்து ஆட்களுக்கு உள்ளூர்க்காரன் சொன்னால் காதில் ஏறாது. அதையே கடல் தாண்டி அச்சடித்து அனுப்பினால் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள் என்பது அச்சுக்கடைக்காரரின் தீராத புலம்பல். அவர் அச்சடித்துக் கொடுத்த மருத்துவ ஆய்விதழ் மூன்று வருடம் பிந்திப்போயிருந்தது. அதனால் மாடியில் இருந்த அதன் அலுவலக அறையும் மூன்று வருடம் பின்னால்தான் இருந்தது. புரூப் தாளோடு உள்ளே காலை வைத்தால், போன வருடம் விழுந்த கடைவாய்ப்பல் அவர் வாயில் இருக்கும். வெளியே வந்தால் பொக்கை. மாடிச் சூட்டில் இப்படித்தான் எதையாவது காட்டும் என்று போய்விடுவார். இதழை நடத்திய டாக்டரம்மாவின் கணவர் ஜன்னலோர மேசையில் பிழை திருத்திக்கொண்டிருப்பார். அவரும் டாக்டர், இரண்டு வருடத்துக்கு முன் விஷக்காய்ச்சலில் இறந்தவர்.

இதழ் பிந்தக் காரணம் ஒன்றா இரண்டா. படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டிய பேராசிரியர்கள் பதிலே போடவில்லை. தரமான இதழ்கள் இவை என்று வெளிநாட்டார் போடும் பட்டியலில் பேர் இல்லாததால் நல்ல கட்டுரை வரவில்லை, நல்ல கட்டுரை வராததால் பட்டியலில் பேர் ஏறவில்லை. கடைசியில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஒரே இதழாகக் கோத்து வைத்தார்கள். காய்ச்சல்காரர் உடம்பில் சலைனை வேகமாக ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்று கணவர் எழுதியது அதில்தான் இருந்தது. அது வெளிவருமுன் அவரையே காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரியில் வேகமாகத்தான் ஏற்றினார்கள். அந்த இதழ் அச்சேறினால் அறை இன்றைய தேதிக்கு வந்துவிடும், மேசை காலியாகிவிடும். இன்னும் ஒரு பேராசிரியர் பதில் வரட்டும் என்று டாக்டரம்மா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அச்சுக்கடைக்காரரின் மகள் அதே காய்ச்சலோடு அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவர் மாடியேறி வந்தார்.

“நீங்க எழுதறதுல பாதிய நான் நம்பறதில்ல. இருந்தாலும் ஆஸ்பத்திரியில புரூப்பக் காட்டினா கையாலகூட தொடமாட்டேங்கறாங்க, புஸ்தகமா கொண்டான்றாங்க. என் பொண்ணும்மா.”

டாக்டரம்மா கணவரைப் பார்த்தார். கணவர் பேனாவை மூடினார்.

“எத்தனை நாளைக்கு என்னையே பாத்துட்டு உக்காந்திருப்ப? குடுத்தனுப்பு. ஏழாம் பக்கத்துல நீ திருத்தினத நான் மறுபடி திருத்தியிருக்கேன், கோச்சுக்காத.”

முதல் பிரதியைத் தைத்து முடித்தபோது மேசை காலியாக இருந்தது. மூக்குக்கண்ணாடிகூட மிஞ்சவில்லை.

வார்டு டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தப் பட்டியல்லயும் இல்லாத இதழா இருக்கே பெரியவரே” என்று அதன் மேல் டீ கிளாஸை வைத்தார். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் சலைன் தீர்ந்துபோனது. மகள் பிழைத்தாள், பக்கத்துக் கட்டில்காரர்களும் கண் விழித்தார்கள். மறுநாள் லாரியில் சலைன் வந்து இறங்கியது, மறுபடி வேகமாக ஏற்றினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களின் கட்டில்கள் பழையபடி காலியாகத் தொடங்கின.

அச்சுக்கடைக்காரர் மாடியேறி நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் எழுதினதும் இதேதாங்க” என்று ஒரு வெள்ளைத்தாளை இழுத்தார். “உங்க பொண்ணுக்கு என்ன வயசு? அடுத்த இதழ்ல போடணும்.”

“போட்டு? எவன் படிப்பான்? சலைன் தீந்துச்சு, பொண்ணு பொழைச்சா. இதுல உங்க புஸ்தகம் என்ன கிழிச்சுது?”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். பாதியில் நின்று நாக்கால் ஈறைத் தடவினார். பல் இல்லை. உள்ளே இருந்தபோதும் இல்லை. என்றைக்குமே இருந்ததில்லை என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கி நடந்தார்.